சிரிக்க வைப்பதில் உள்ள சிரமங்கள்

பேரவைத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, இவ்வாண்டு மலருக்கு உங்களிடமிருந்து ஒரு கட்டுரை வேண்டும். நகைச்சுவையாக எழுதுவது எப்படி என்று மாணவர்களுக்குப் பாடம் சொல்வதுபோல் இருந்தால் நல்லது" என்றார். எத்தனை நாளில் வேண்டும் என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது ஐயா" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. அத்தம்பிக்கு நகைச்சுவை எழுதச் சொல்லித் தரவேண்டிய தேவையே இல்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

ஆயினும் ஒப்புக்கொண்டேன். பேரவை கேட்டு மறுக்கும் பழக்கம் பழைய மாணவர்களுக்கு இல்லை. மேலும், இந்தப் பாடத்தில் நான் சொல்லவேண்டியது ஒன்று நெடுநாளாக என்னிடம் கிடக்கிறது. அதற்குப் போகும் முன் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்தாளர். இதுவரை ஒரே ஒரு நகைச்சுவைக் கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டிருக்கிறேன். ஐந்நூறு படிகள் அச்சிட்டேன். அவற்றில் பெரும்பகுதி இப்போதும் எங்கள் கட்டிலுக்கு அடியில் பெட்டிபெட்டியாக இருக்கிறது. இரண்டாம் பதிப்பு எப்போது வரும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. முதல் பதிப்பு எப்போது போகும் என்று என் மனைவி கேட்பதுண்டு.

நான் முதன்முதலாக நகைச்சுவைக் கட்டுரைப் போட்டியில் வென்றது இடைநிலைப்பள்ளியில் படித்தபோது. ஓடிப்போய் அம்மாவிடம், "நகைச்சுவைப் போட்டியில் முதல் பரிசும்மா" என்றேன். அம்மாவின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. "எத்தனை பவுனுடா?" என்றார். பரிசாகக் கிடைத்தது ஒரு சுவர்க்கடிகாரம். அம்மா அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயா ராத்திரியெல்லாம் விளக்கை எரிச்ச?" என்றார். எழுத்தாளரின் வரவு செலவுக் கணக்கை அதைவிடச் சுருக்கமாக இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எழுதுவதற்கு முன்னால் வருபவை

நம் நாட்டில் கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் மரபு பழையது. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் கதை வகுப்பு நடத்தினார்கள். 1952இல் தமிழகத்திலிருந்து கு. அழகிரிசாமி அவ்விதழின் ஆசிரியராக வந்து, 1957 வரை இங்கிருந்து எழுத்தாளர்களை வளர்த்தார். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுபோனது. வகுப்புகளில் கருவைப் பற்றியும் உத்தியைப் பற்றியும் சொல்வார்கள். எழுத உட்காரும்போது சமையலறையில் எரிவாயு தீர்ந்துபோகும் என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. அதனால் அதை நான் சொல்கிறேன்.

வீட்டில் ஒருவர் படித்துக்கொண்டிருந்தால் மரியாதையாக விலகிப் போவார்கள். எழுதிக்கொண்டிருந்தால், "சும்மாதானே இருக்கீங்க" என்று தொடங்குவார்கள். பேனா பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் எழுத்து வேலையில் ஒரு பகுதிதான் என்று என் மனைவியை நம்பவைக்க எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. நம்பிய பிறகு அவர் சொன்னது: "அப்படின்னா அந்தக் கூரையில் ஒழுகுற இடத்தையும் பார்த்து வையுங்க."

நல்ல வாக்கியங்கள் வரும் இடங்கள் எல்லாம் எழுத முடியாத இடங்கள். மோட்டார் சைக்கிளில் மழையில் போகும்போது வரும். இறுதிச் சடங்கில் எல்லாரும் தலைகுனிந்து நிற்கும்போது வரும். பள்ளியில் தலைமையாசிரியர் நேராக நம்மைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது கட்டாயம் வரும். அதனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறு குறிப்புப்புத்தகம் வைத்திருங்கள். நான் வைத்திருப்பதில்லை. மாமாக் கடை ரசீதுகளின் பின்புறத்தில் எழுதிவைப்பேன். அந்தக் காகிதத்தில் மை சில மாதங்களில் மங்கிவிடும். என் சிறந்த நகைச்சுவைகள் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் கணக்கோடு சேர்ந்து மறைந்துபோயின என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

கணினி வந்ததும் எல்லாம் எளிதாகிவிடும் என்றார்கள். 1990களின் இறுதியில் ஓர் இதழுக்கு நெகிழ்வட்டில் ஒரு கட்டுரை கொடுத்தேன். மறுநாள் ஆசிரியர் குழுவிலிருந்து அழைப்பு. "சார், இது எந்த மொழி?" என்றார்கள். நான் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன். அவர்களிடம் இருந்தது வேறொன்று. அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தனக்குத் தோன்றிய எண்களைக் கொடுத்திருந்தது. என் கணினியில் 'அ' இருந்த இடத்தில் அவர்கள் கணினியில் தலையில் கொம்பு முளைத்த ஓர் ஐரோப்பிய எழுத்து நின்றது. இன்று மாணவர்களுக்கு இது கதைபோல் இருக்கும். சென்னையில் 1999இலும் சிங்கப்பூரில் 2000இலும் கோலாலம்பூரில் 2001இலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்ததற்கு இந்தக் குழப்பம் முக்கியமான ஒரு காரணம். திஸ்கி, தாப், தாம் என்று பல குறியீடுகளைக் கடந்து ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தோம். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். இணையத்தில் தமிழைக் கொண்டுசேர்க்க முன்னின்ற சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியோ அடிப்படையில் சிறுகதை எழுத்தாளர். 1999இல் மறைந்தார். எழுத்தாளர் ஒருவர் எழுதுவதை விட்டுவிட்டு எழுத்துகளுக்காக உழைக்கப் போனார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் சிக்கல் தீரவில்லை. நான் தமிழ்99 விசைமுறையில் தட்டுவேன். என் மனைவி ஆங்கில எழுத்தொலியில் தட்டுவார். ஒருவர் எழுந்துபோன பின் மற்றவர் உட்கார்ந்து, கவனிக்காமல் இரண்டு வரி அடித்துவிட்டால் அது புதுக்கவிதையாகிவிடும். கைப்பேசியோ இன்னும் தாராளமானது. 'நகைச்சுவை' என்று எழுத நினைத்து 'நகை' வரை போனால் 'நகைக்கடை' என்று முடித்துக் கொடுக்கிறது. அம்மா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அடுத்தது அச்சுப்பிழை. ல, ள, ழ மூன்றும் தமிழனுக்கு இறைவன் கொடுத்த நகைச்சுவைக் கருவிகள். என் நூல் வெளியீட்டைப் பற்றி ஒரு செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். 'வெளியீட்டு விலா' என்று இருந்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அன்று செலவு விலாவைத்தான் பிடித்தது. ஆனால், கீழே என்னைப் பற்றி 'தமிழ்ப்பல்லி ஆசிரியர்' என்று இருந்தது. மறுநாள் வகுப்பில் நுழைந்தபோது கரும்பலகையில் அழகான பல்லி ஒன்று. வரைந்தவன் என் வகுப்பிலேயே நன்றாகத் தமிழ் எழுதுபவன். நான் அதையே ஒரு நகைச்சுவைக் கட்டுரையாக எழுதி அதே செய்தித்தாளுக்கு அனுப்பினேன். அவர்கள் மிகுந்த அக்கறையோடு மெய்ப்பு பார்த்து, கட்டுரை முழுவதும் இருந்த 'பல்லி'யை எல்லாம் 'பள்ளி' என்று திருத்திப் போட்டுவிட்டார்கள். 'தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று போடுவதற்குப் பதிலாகத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று போட்டுவிட்டார்கள். மறுநாள் கரும்பலகையில் ஒரு பள்ளி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது' என்று வெளிவந்தது. படித்தவர்கள் எனக்கு உடல்நலம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

சன்மானத்தைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளே பூமிக்கு வந்தாலும் பிள்ளை அவரிடம் தம் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார். தமிழ் எழுத்துலகின் பொருளாதாரம் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

தொல்காப்பியர் சொல்லும் நான்கு

இனிப் பாடம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் முதலில் நிற்பது நகை. அழுகை அதற்கு அடுத்ததுதான். நம் சிறுகதைப் போட்டிகளில் இந்த வரிசை தலைகீழாக இருப்பது ஏனென்று நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தோட்ட வாழ்க்கையில் அழுவதற்குக் காரணங்கள் நிறைய இருந்தன என்பது உண்மை. ஆனால், அந்த லயங்களில் சிரிப்பும் இருந்தது. அதை எழுதியவர்கள் குறைவு. ரெ. கார்த்திகேசு போன்ற சிலரின் உரைநடையில் ஒரு மெல்லிய புன்னகை ஓடுவதைக் காணலாம். படித்துப் பாருங்கள்.

நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார். ஒன்று எள்ளல், அதாவது கேலி. மற்றொன்று இளமை, குழந்தைத்தனம். பிறகு பேதைமை, அறியாமை. நான்காவது மடன். மடன் என்பதைப் பேதைமையோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பேதை என்பவன் ஒன்றும் அறியாதவன். மடனுடையவன் பிறர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாதவன். 'விருந்தினர் வந்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லவேண்டும்' என்று நான் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு, வகுப்பில் ஒரு பூனை நுழைந்தபோது எழுந்து நின்று வணக்கம் சொன்ன முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் அறியாதவள் அல்லள். சொன்னதைச் செய்தவள்.

நம் நகைச்சுவை எழுத்தாளர்களை இந்த நான்கில் வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. தேவனின் துப்பறியும் சாம்பு பேதைமையிலிருந்து பிறந்தவர். ஒன்றும் புரியாமலேயே குற்றவாளியைப் பிடித்துவிடுவார். பாக்கியம் ராமசாமியின் அப்புசாமியை முதலில் பேதைமையில்தான் நான் சேர்த்திருந்தேன். பின்னர் மாற்றிக்கொண்டேன். அவர் இளமையைச் சேர்ந்தவர். முதியவரின் உடம்புக்குள் அடங்காத ஒரு சிறுவன் உட்கார்ந்திருப்பதுதான் அங்கே சிரிப்பு. சீதாப்பாட்டி அந்தச் சிறுவனை வளர்க்கிறார். (பாக்கியம் ராமசாமி என்பது ஜ.ரா. சுந்தரேசன் தம் தாய், தந்தை இருவர் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்ட புனைபெயர். அப்புசாமி செய்த அட்டகாசங்களுக்கு அப்பா அம்மா பெயரைக் கெடுத்துவிட்டார் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.)

எள்ளலைப் பற்றி உரையாசிரியர் பேராசிரியர் ஒரு நுட்பம் சொல்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒரு வகை. பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது இன்னொரு வகை. நான் மாணவனாக இருந்தபோது இந்த இரண்டாவது வகையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். மதிப்பெண்ணும் வாங்கினேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது பல ஆண்டுகளுக்குப் பிறகு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இடையில் உத்தியைப் பற்றி ஒரு செய்தி. தமிழில் வினைமுற்றும் பயனிலையும் இறுதியில் வரும். இது நகைச்சுவை எழுதுபவருக்குக் கிடைத்த சொத்து. சிரிப்பை ஒளித்துவைத்துக்கொண்டு வாக்கியத்தின் கடைசி வரை வாசகரை அழைத்துப்போகலாம். இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். 'மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்தாம் என் நூலை முழுவதும் படித்தவர்.' இது தகவல். 'என் நூலை முழுவதும் படித்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் மெய்ப்புத் திருத்துநர்.' இதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. சொற்கள் ஏறக்குறைய அவையேதாம். சிரிப்பு கடைசிச் சொல்லில் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் கூடாது. நம்மில் பலர் சிரிப்பு வந்த பிறகும் நான்கு வரி எழுதி, ஏன் சிரிக்கவேண்டும் என்று விளக்குகிறோம். அது விருந்தினர் கைகழுவிய பிறகு இலையில் சோறு போடுவது.

உரையாடலில் பேச்சுத்தமிழை அஞ்சாமல் எழுதுங்கள். மலாய்ச் சொல் கலந்திருந்தால் கலந்தபடியே எழுதுங்கள். சில நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள். குறைக்கட்டும். நம் பாட்டிமார் பேசாத தூய தமிழை அவர்கள் வாயில் திணித்தால் அந்தப் பாட்டி நம்முடையவர் அல்லர்.

பாட்டியும் மிசியும்

இப்போது சொல்லவேண்டியதற்கு வந்துவிட்டேன்.

1996இல் ஒரு நாளிதழின் ஞாயிறு பதிப்பில் என் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அது என் பாட்டியைப் பற்றியது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பாட்டியை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வெளியே இருந்த ஒரு மருந்தகத்துக்குப் போனேன். அங்கு மலாய்க்கார மிசி ஒருவர், "சாக்கிட் அப்பா?" என்று கேட்டார். என்ன நோய் என்று பொருள். என் கட்டுரையில் பாட்டிக்கு மலாய் தெரியாது. 'அப்பா' என்ற சொல் காதில் விழுந்ததும், செத்துப்போன தன் தகப்பனாரை மிசி விசாரிக்கிறார் என்று எண்ணி, "ஐயோ, எங்கப்பா போயி முப்பது வருஷமாச்சே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்குகிறார். மருந்தகமே சிரிக்கிறது. பேரனான நான் வெட்கத்தில் தலைகுனிகிறேன். இப்படி எழுதியிருந்தேன்.

பலர் பாராட்டினார்கள். பல்கலைக்கழக நண்பர்கள் சந்திக்கும்போதெல்லாம் "சாக்கிட் அப்பா" என்று கூவுவார்கள். எழுத்தாளன் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, சித்தப்பா அந்தத் தாளை எடுத்துவைத்திருந்தார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. மாலையில் அஞ்சடியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா உரக்கப் படித்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். மார்பில் அடித்துக்கொண்ட இடம் வந்ததும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டி வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். படித்து முடித்த பிறகு எச்சிலைத் துப்பிவிட்டு வந்து என்னிடம் கேட்டார்: "நல்லாத்தான் எழுதியிருக்க, ராசா. அந்த மிசி சிரிச்சத மட்டும் ஏன் விட்டுட்ட?"

அவ்வளவுதான் கேட்டார். கோபப்படவில்லை. எனக்குத்தான் அந்த இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தக் காலைப்பொழுது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான் எழுதியதுபோல் அது நடக்கவில்லை.

பாட்டிக்கு மலாய் தெரியும். முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் வாழ்ந்து, கம்பத்துக்காரர்களிடம் மீனும் காய்கறியும் பேரம் பேசி வாங்கியவருக்கு 'அப்பா' என்றால் என்ன என்று தெரியாதா? எழுதும்போது அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மாற்றினேன். மலாய் தெரியாத கிழவி அழுதால் வாசகர் சிரிப்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பாட்டியை நான் பேதையாக்கினேன். அவரோ, பேராசிரியர் சொன்னாரே அந்த இரண்டாம் வகையினர். பிறர் எள்ளும் இடத்தில் தாமே முந்திக்கொண்டு நகுபவர். அங்கே நகைச்சுவையாளர் அவர்தாம். அவருடைய சொத்தை எடுத்து என் பெயரில் எழுதி, அவரையே அதில் கோமாளியாகவும் நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் பயிலரங்குகளில் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்து வருகிறேன். வீட்டில் நடந்த வேடிக்கையான ஒரு நிகழ்ச்சியை எழுதச் சொல்வேன். எழுதியதை அதில் வரும் ஆளிடமே உரக்கப் படித்துக்காட்டச் சொல்வேன். அவர் சிரித்தால் எங்கே சிரித்தார், சிரிக்காவிட்டால் எந்த இடத்தில் முகம் மாறியது என்று பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டு வரவேண்டும். பாதிப் பேர் படித்துக்காட்டாமலேயே திரும்பி வருவார்கள். ஏன் என்று கேட்டால், "அப்பா வருத்தப்படுவார் சார்" என்பார்கள். அவர்களை நான் திட்டுவதில்லை. அக்கட்டுரையை வைத்துக்கொண்டு, அதே நிகழ்ச்சியில் நீ எங்கே நின்றாய், என்ன செய்தாய், உன்னைப் பார்த்தால் மற்றவருக்குச் சிரிப்பு வந்திருக்குமா என்று கேட்பேன். பெரும்பாலும் அங்கிருந்துதான் நல்ல கட்டுரை தொடங்கும். ஒரு மாணவன், தந்தையார் ஆங்கிலத்தில் விண்ணப்பப் படிவம் நிரப்பத் தவித்ததைக் கிண்டலாக எழுதியிருந்தான். இரண்டாம் முறை எழுதியபோது, தனக்கு ஆங்கிலம் தெரிந்தும் உதவாமல் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்ததை எழுதினான். அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது. அதைத் தந்தையாரிடம் படித்துக்காட்டினான்.

எள்ளல் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கூலியைக் குறைக்கும் முதலாளியையும் மேடையை விட்டு இறங்காத தலைவரையும் எள்ளாமல் வேறு யாரை எள்ளுவது? அவர்களை விட்டுவிட்டு, எளிதில் அகப்படும் பாட்டியைப் பிடித்துக்கொள்வதுதான் எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. நான் எழுதத் தொடங்கிய காலத்தில் தோட்டத்து மனிதர்களின் பேச்சை வைத்துச் சிரிப்பு மூட்டுவது நகரத்துக்குப் படிக்கப் போன எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழக்கமாக இருந்தது. நாங்கள் அங்கிருந்து வந்துவிட்டோம் என்று காட்டிக்கொள்ள அது உதவியது.

பாட்டி 2001இல் காலமானார். கருமாதி முடிந்த வாரத்தில் அக்கட்டுரையைத் திருத்தி எழுதினேன். ஓர் இதழுக்கு அனுப்பினேன். 'முன்பு வந்ததில் இருந்த நகைச்சுவை இதில் குறைவாக இருக்கிறது' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். என் தொகுப்பிலும் பழைய கட்டுரையையும் சேர்க்கவில்லை, புதியதையும் சேர்க்கவில்லை. இங்கே பாடத்துக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

'பாட்டியின் கால் வீங்கி மூன்று நாளாகியிருந்தது. விடியற்காலையில் புறப்பட்டு, லாரி பிடித்து, மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தோம். வாங்குகளில் இடம் இல்லை. பாட்டி சுவரில் சாய்ந்து நின்றார். பதினொரு மணிக்கு எங்கள் முறை வந்தது. மிசி காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தவர். தலை நிமிராமல், "சாக்கிட் அப்பா?" என்றார். குரலில் எரிச்சல். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

'பாட்டி கொஞ்ச நேரம் மிசியையே பார்த்தார். பிறகு, மிகவும் துக்கமான குரலில், "அப்பா சுடா மாத்தி, மிசி. சாயா சாக்கிட்" என்றார். அப்பா எப்போதோ செத்துவிட்டார், மிசி. நோய் எனக்கு.

'மிசி தலையை நிமிர்த்தினார். தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் வளர்ந்தவராக இருக்கவேண்டும். தமிழில் அப்பா என்றால் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முடியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வாங்கில் இருந்த தமிழர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்து, ஒன்றும் புரியாத சீனக் கிழவர் ஒருவரும் சிரித்தார். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. மிசி எழுந்துவந்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "டூடோக், மாக்" என்றார். பாட்டி உட்கார்ந்து, வீங்கிய காலை மெதுவாக நீட்டினார். நீட்டும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.'

மெய்ப்பு பார்க்கும் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு வேண்டுகோள். மேலே 'பல்லி' என்று இருக்கும் இடங்களில் பல்லியாகவே இருக்கட்டும். 'மிசி' என்பதைத் 'தாதி' என்று திருத்த வேண்டாம். பாட்டி மிசி என்றுதான் சொன்னார்.